லீவுக்கு வந்த பேராண்டிக்கு

வா நைனா, வா. அண்ணாமலையார் மலை சௌக்கியமா? நீ பாட்டுக்கு லீவப் போட்டுட்டு பஸ் ஏறி வந்துட்டியே, அத்த இப்ப யாரு பாத்துக்கறாங்க? அந்தக் காடு வளக்கற குழுவுல நீ சேர்றதுக்கு முன்னால கோடிக்கணக்கான வருசம் ஒண்டியாத்தான் நின்னுகினு இருந்துது. இப்பதான் பாவம் தொணைக்குப் பழகிப்போச்சு. ராத்திரியில பயந்துடப்போவுது.

கோச்சுக்காத. உன்னக் கிண்டல் பண்ண ஆரணியில எனக்கு ஒருத்தனுக்குத்தான் உரிமை. வேற எவனாவது பண்ணா சொல்லு, தறிப்பலகையக் கழட்டிக்கினு போறேன். இன்னிக்கு நானா ஆரம்பிக்கல. உங்கம்மாதான் வந்து, "பையன் வந்தா தூங்கறான் மாமா, எழுந்தா செல்லப் பாக்கறான், வாயத் தொறந்தா மரம்னு பேசறான், நீங்களாவது ரெண்டு புத்தி சொல்லுங்க"ன்னுது. உங்கம்மா என்னை நம்பி ஒரு வேலை குடுக்கறதே அபூர்வம். அதனால செய்யறேன்.

காட்டு வேலை எனக்குத் தெரியாது. ஆனா லீவு எடுக்கறதுல எனக்கு இருக்கற சர்வீஸ் எந்தக் கலெக்டருக்கும் கெடையாது. ஐப்பசி பொறந்து மழை புடிச்சுக்கினா தறிக்குழியில தண்ணி ஊறும். மிதிபலகை நனையும். பாவுல ஈரம் ஏறி இழை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒரு இழை அறுந்தா பிணைக்கலாம், கொத்தா அறுந்தா வாசல்ல உக்காந்து வானத்தத்தான் பாக்கணும். அது மழை லீவு. ஆடியில கல்யாணம் கெடையாது, கடைக்காரர் "கொஞ்சம் பொறுங்களேன்"பார். அது ஆடி லீவு. வெள்ளி வெலை ஏறிச்சுன்னா ஜரிகை வெலையும் ஏறும், ஜரிகை வர்ற வரைக்கும் ஒரு லீவு. எதுக்கும் சம்பளம் கெடையாது. சம்பளமில்லாத லீவ எப்படி எடுக்கணும், எடுத்துக்கினே வேலையில இருக்கற மாதிரி எப்படிக் காட்டிக்கணும், அதுல நம்ம தெரு கெழவனுங்களுக்கு டாக்டர் பட்டமே குடுக்கலாம். அந்தத் தகுதியில சொல்றேன், கேட்டுக்கோ.

வீட்டுக்குள்ள கால வச்சதும் மொதல்ல கையக் காட்டு. ஐயையோ. கடப்பாரை புடிச்சுப் புடிச்சு உள்ளங்கையெல்லாம் காப்பு காய்ச்சிருக்குது. உண்ணிச்செடி கீறின கோடு மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் ஓடுது. வெரல் நுனியில வெடிப்பு, வெடிப்புக்குள்ள மலை மண்ணு. உங்க குழுவுல இந்தக் கையப் பாத்து மெடல் குடுப்பாங்க. நம்ம வீட்ல இது அரிவாமணை.

போன தடவ வந்தப்ப, பாசமாத்தான், "தாத்தா, புட்டா நல்லா விழுந்திருக்குது"ன்னு சொல்லிக்கினே நெய்ஞ்ச புடவை மேல கைய வச்சுத் தடவின. சொர்ருன்னு ஒரு சத்தம். உனக்குக் கேக்கல, எனக்குக் கேட்டுது. வெரல் வெடிப்புல ஒரு இழை மாட்டி மேல எழுந்துடுச்சு. கண்ணாடிய நெத்தியிலேர்ந்து எறக்கி, ஊசியெடுத்து, மூச்சப் புடிச்சுக்கினு அந்த இழைய உள்ள தள்ளினேன். போவல. அப்படியே இருக்கட்டும்னு கொண்டுபோய்க் குடுத்தேன். புடவைய வெளிச்சத்துல விரிச்சுப் பாக்கறவங்களுக்கு ஒரு வரம் இருக்குது, ஆறு கெஜத்துல எந்த எடம் கெட்டிருக்குதோ அங்கதான் அவங்க கண்ணு மொதல்ல போவும். கூலியில புடிச்சுக்கினாங்க. நீ பாட்டுக்கு மலையில கீரி பாத்த கதைய ஆயாகிட்ட சொல்லிக்கினு இருந்த.

எண்ண தடவிக்கினு வரேன்னு சொல்லாத. எண்ணக் கையி அத்தவிட மோசம். பட்டுல எண்ண எறங்கினா போவாது. கால் தேய்க்கற கல்லுல கையத் தேயி. ராத்திரி தேங்காயெண்ண தடவிப் படு. காலைல சீயக்கா போட்டுக் கழுவு. இப்படி ரெண்டு நாளு செஞ்சுட்டு அப்பால தறிகிட்ட வா. லீவே அவ்வளவுதான்றயா? அப்ப வராத. திண்ணையிலேர்ந்து பாரு, நல்லாத் தெரியும்.

கைய ஏன் இப்படிப் பெரிசாப் பேசறேன்னு நெனப்ப. காரணம் இருக்குது. கோர்வைப் புடவையில ஒடம்பு ஒரு கலரு, கரை ஒரு கலரு. ஒடம்பு நாடாவ நான் வுடுவேன். ஒரு பக்கக் கரைக்குத் தனி நாடா வுட பக்கத்துல இன்னொரு ஆளு உக்காரணும். ஒவ்வொரு ஊடைக்கும் அந்த நாடா வந்து என் நாடாவோட கை கோத்துட்டுத் திரும்பணும். பள்ளிக்கூட லீவுல அந்த எடத்துல நீ உக்காந்திருக்கற. அப்ப உன் கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இப்ப அங்க உங்க ஆயா உக்காருது. ஆயா நல்ல கைகாரிதான், ஆனா கண்ணு செரியாத் தெரியல. பாதியில நாடாவ நிறுத்திட்டு, "பையனுக்கு லீவு எப்ப?"ன்னு கேக்குது. நான் தெரியாதுன்றதுக்குள்ள கரை ஒரு பக்கமா இஸ்துக்குது. நீ மலையில மரம் நட்டா இங்க கரை கோணுது. இத்த எந்த அறிக்கையில எழுதுவீங்க?

சரி, கைய மடக்கிக்கோ. நாளுக்கு வருவோம். உன் மலைக்கு ஒரு பஞ்சாங்கம் இருக்குது, என் தறிக்கு ஒரு பஞ்சாங்கம் இருக்குது. ரெண்டையும் எழுதினவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்லன்னு நெனக்கறேன்.

புரட்டாசியில குழி வெட்டறீங்க. ஐப்பசி, கார்த்திகையில நாத்துத் தட்டத் தலைமேல வச்சுக்கினு மழையில சரிவு ஏறறீங்க. வெப்பாலை, உசிலை, நாவல், இலுப்பைன்னு நடறீங்க. அந்த ரெண்டு மாசமும் நான் வாசல்ல சும்மா உக்காந்திருப்பேன். நீ வந்தா பேச்சுத் தொணையாவது ஆவும். வரமாட்ட. தை பொறந்து புல்லு காய ஆரம்பிச்சா தீத்தடுப்புக் கோடுன்னு கெளம்பிடறீங்க, ஆளுயரப் புல்ல அறுத்து வெறும் மண்ணு தெரியறாப்பல மலையச் சுத்தி ஒரு பாதை. அதுக்கப்பால மாசியிலேர்ந்து வைகாசி வரைக்கும் தீக்காவல். காட்டுல தீ தானா புடிக்கறது கம்மி, மனுசன் வக்கறதுதான் ஜாஸ்தின்னு நீதான் சொன்ன. மாடு மேய்க்க வந்தவன் புதுப்புல்லு மொளைக்கட்டும்னு ஒரு குச்சி கிழிப்பான். சாமி கும்புட வந்தவர் பாறை மேல கற்பூரத்த ஏத்திட்டு அத்த மட்டும் வுட்டுட்டு எறங்குவார். நீங்க பச்சைக் கொம்ப ஒடிச்சுக்கினு ஓடணும். காத்து ஜாஸ்தியா இருந்தா முன்னால போய் எதிர்த்தீ வச்சு நிறுத்தணும். அந்த நாலு மாசம் லீவு கேட்டா மொறைக்கறாங்கன்ற. நியாயம்தான், நானா இருந்தாலும் மொறைப்பேன்.

ஆனா அந்த நாலு மாசம்தாண்டா எனக்கு முகூர்த்தம். தறிக்கு ராப்பகல் கெடையாது. ஒரு பாவு எறங்கி மூணு புடவை முடியறதுக்குள்ள அடுத்த பாவு வாசல்ல நிக்கும். கையில காசு பொழங்கும், உங்கம்மா ஞாயித்துக்கெழம கறி எடுக்கும், வாரக்கடைசியில ஆயாவுக்குக் கண்ணு டாக்டர்கிட்டப் போலாமான்னு ஒரு தைரியம் வரும். இதுல எதையும் நீ பாக்கறதில்ல. உனக்கு வாகா லீவு கெடைக்கறது ஆனி முடிஞ்சு ஆடி. ஆடியில ஆரணி எப்படி இருக்கும்? ஜனமெல்லாம் ஆடி வெள்ளிக்குப் படவேட்டுல ரேணுகாம்பாளப் பாக்கப் போயிடும். தறி தூங்கும். தெருவுல எங்க பாத்தாலும் கேவுரு கூழு. நாலு நாளு கூழக் குடிச்சுட்டு மலைக்குப் போய், "எங்க வீட்ல ரொம்பக் கஷ்டம் மச்சான், எப்பவும் கூழுதான்"னு கூட்டாளிகிட்ட சொல்லியிருக்கற. அந்தப் பையன் போன மாசம் போன் பண்ணி எனக்கு ஆறுதல் சொன்னான். நல்ல பையன்.

அதனால ஒரே ஒரு தடவ மாசியில ரெண்டு நாளு கேட்டுப் பாரு. தாத்தாவுக்கு ஒடம்பு செரியில்லன்னு சொல்லு. நான் இருமறேன், போன்ல கேக்கற மாதிரி.

பஸ் விசயம் தனியாச் சொல்லணும். பௌர்ணமிக்குக் கெளம்பாத. பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் சுத்திட்டு வர்ற ஜனம் உன் காடு வளக்கற கதைய நம்பி சீட்டு குடுக்காது, திருவண்ணாமலைலேர்ந்து போளூர் வரைக்கும் ஒத்தக் காலுல நிக்கணும். ரயில்ல வரேன்னு புத்திசாலித்தனம் பண்ணவும் வேணாம். ஆரணி ரோடுன்னு போர்டு பாத்து எறங்குவ, எறங்கினா அது களம்பூரு.

காசு கதைக்கு வரேன். மொகத்தத் திருப்பாத, உன் சம்பளத்த நான் கேக்கல. டீக்கடையில ஒரு வாத்தியாரு சொன்ன கதை இது. அமெரிக்காவுல 1933ல வேலையில்லாத் திண்டாட்டம். ரூஸ்வெல்ட்டு பிரசிடெண்டா வந்ததும், சும்மா சுத்திக்கினு இருந்த வயசுப் பசங்களயெல்லாம் புடிச்சு, முகாம் போட்டு, காட்டு வேலைக்கு அனுப்பிட்டாரு. மரம் நடறது, தீக்கோடு வெட்டறது, தீயணைக்கறது, ரோடு போடறது, அச்சு அசலா உன் வேலை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ பேரு பதியணும். 1942 வரைக்கும் நடந்துது. சுமார் 30 லட்சம் பசங்க, 300 கோடி மரம்னு கணக்கு வச்சிருக்காங்க. இதெல்லாம் பெரிசில்ல. மாசம் 30 டாலர் சம்பளம், அதுல 25 டாலர் நேரா வீட்டுக்குப் போயிடும். பையன் கையில அஞ்சே டாலர். விதியே அப்படி. அந்த ரூஸ்வெல்ட்டுக்கு என்னை மாதிரி ஒரு தாத்தா இருந்திருக்கணும், இல்லன்னா இந்த யோசனை வந்திருக்காது.

நீ அஞ்ச அனுப்பிட்டு இருவத்தஞ்ச வச்சுக்கற ஆளு. பரவால்ல, உனக்கும் செலவு இருக்குது. மலை ஏறறதுக்குன்னு ஒரு ஷூ வாங்கியிருக்கியே, அத்த வாசல்ல வுடாத. தெரு நாய்க்கு அந்த வாசனை புதுசு.

பொண்ணு பாக்கற எடத்துல கேப்பாங்க, பையன் இன்னா பண்றாருன்னு. நான் இதுவரைக்கும், "மலையில மரம் நடறான், தீ வந்தா அணைக்கறான்"னு உள்ளத உள்ளபடி சொல்லிப் பாத்தேன். "தீ வராதப்ப?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. நல்ல கேள்வி. இப்பெல்லாம் "காட்டு வேலை"ன்னு சொல்லிட்டு வெத்தலையப் போட்டுக்கறேன். வாயில வெத்தல இருந்தா மேல வெளக்கம் கேக்க மாட்டாங்க. அவங்களா பாரஸ்டர்னு நெனச்சுக்கினா அது நம்ம குத்தமா? நீயும் குறுக்க பூந்து, "இல்லைங்க, இது தற்காலிகம்"னு தேசத்துக்கு உண்மை பேசாத. பட்டுத்தறியும் தற்காலிகம்தான், நாலு தலைமுறையா ஓடுது.

ஆயா விசயத்துல ஒரு எச்சரிக்கை. காலைல வாசக் குப்பையக் கூட்டி, வேப்பஞ்சருகுக்கு ஒரு குச்சி கிழிச்சு வக்கறது அதோட வழக்கம். போன தடவ நீ உள்ளேர்ந்து ஓடியாந்து, குடத்துத் தண்ணிய அப்படியே ஊத்தி அணைச்சிட்டு, 1882லயே காட்டுச் சட்டம் போட்டிருக்காங்கன்னு பாடம் எடுத்த. வெள்ளக்காரன் காலத்துச் சட்டம் இன்னிக்கும் நடப்புல இருக்குதுன்னு எனக்கும் தெரியும், ஆனா அது காட்டுக்கு, நம்ம வாசலுக்கு இல்ல. இருந்தாலும் பொகையில எனக்கு இருமல் வருதுன்னு நான் சொன்னப்ப கேக்காத கெழவி, நீ சொன்னதுலேர்ந்து சருகக் குழியில போட்டு மூடுது. இத்த உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்.

பாம்புக் கதையும் சிறுத்தைக் கதையும் சொல்லணும்னா திண்ணையில என்கிட்ட சொல்லு. உங்கம்மா காதுல போடாத. 2018 மார்ச்சுல தேனிப் பக்கம் குரங்கணியில மலையேறப் போனவங்க தீயில மாட்டி இருவது பேருக்கு மேல செத்தாங்களே, அன்னிலேர்ந்து டிவியில காடுன்னு ஒரு வார்த்தை வந்தாலே உங்கம்மா சத்தத்தக் கூட்டும். 2024 டிசம்பர் ஒண்ணாந்தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில அண்ணாமலையார் மலைச் சரிவு மண்ணோட பாறையோட எறங்கி வ.உ.சி. நகர்ல ஏழு பேரு போனாங்க. அதுல சின்னப் புள்ளைங்கதான் ஜாஸ்தி. அந்த வருசம் தீபத்துக்கு ஜனத்த மலை ஏத்தவே விடல. மண்ணு எறங்கின அந்த ராத்திரி உன் போன் அடிக்கவேயில்ல. டவர் இல்ல, சார்ஜு இல்லன்னு நீ அப்பால சொன்ன. செரி. ஆனா உங்கம்மா ராவெல்லாம் தார் சுத்திக்கினே உக்காந்திருந்துது. சுத்தின தாரெல்லாம் சிக்கு. மழை பேஞ்சா, தீ புடிச்சா, மொதல்ல ஒரு "இருக்கேன்"னு அனுப்பிடு. மரத்துக்கு அப்பால தண்ணி ஊத்தலாம்.

உன்னத் திட்டிக்கினே இருக்கேன்னு நெனக்காத. நான் பையனா இருக்கசொல்ல தீபத்துக்குப் போனா மலை மொட்டை. கல்லும் புல்லும்தான், உக்கார நெழலு கெடையாது. எம்பதுங்களோட கடைசியில, ஆஸ்திரேலியாவுலேர்ந்து ஜான் சீட்டுன்னு ஒருத்தர் பணம் தெரட்டிக் குடுத்து, அங்க காடு வளக்க ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. 2003லேர்ந்து தி ஃபாரஸ்ட் வேன்னு ஒரு டிரஸ்டு நாத்து வளத்து, மழையில நட்டு, வெயில்ல தீயணைச்சுக்கினு இருக்குது. இப்ப போனா சரிவுல பச்ச தெரியுது, குருவி கத்துது. இதெல்லாம் நான் டீக்கடையில பெருமையா சொல்றதுதான். உன் எதுர்ல சொன்னா நீ கெட்டுப்போயிடுவ.

ஆனா ஒரு சந்தேகம். நம்ம கமண்டல நாகநதி எங்க பொறக்குது? ஜவ்வாது மலையில. படவேட்டுப் பக்கமா எறங்கி நம்ம ஊருக்கு வருது. மலையில மரம் இருந்தா மழைத் தண்ணி ஒரேயடியா ஓடாம மண்ணுல எறங்கி, மெதுவா ஊறி வரும்னு எனக்குப் பாடம் சொன்னதே நீதான். அப்ப ஜவ்வாதுல இல்ல நடணும்? பட்ட அலச எனக்குத் தண்ணி வேணும், நீ போய் அருணாசலேஸ்வரருக்கு நெழல் போடற. புண்ணியத்த வேற தாலுகாவுல சேத்துக்கினு, சாப்பாட்டுக்கு மட்டும் இங்க வர. இதுக்கு நீ பதிலுக்கு, "ஆத்துல தண்ணி வந்தா மட்டும் போதுமா, சாயத் தண்ணி எங்க போவுது தாத்தா?"ன்னு கேப்ப. அதுக்கு என்கிட்ட பதிலு இல்ல. அதனால பேச்ச மாத்தறேன்.

புலியப் பத்திப் பேசுவோம். 2006ல நாடு பூரா எண்ணசொல்ல 1,411 புலி. 2022ல 3,682. நம்ம தமிழ்நாட்டுல மட்டும் 306. சந்தோசம். எங்களயும் எண்றாங்க தெரியுமா? கைத்தறிக் கணக்கெடுப்புன்னு பேரு. 2009-10ல நெய்யறவங்க, கூட வேலை செய்யறவங்க எல்லாம் சேத்து 43 லட்சம். 2019-20ல 35 லட்சம். புலி ஏறுது, நாங்க எறங்கறோம். புலிக்குச் சட்டம் இருக்கற மாதிரி எங்களுக்கும் 1985ல ஒண்ணு போட்டாங்க, இன்னின்ன துணியக் கைத்தறியிலதான் நெய்யணும், மெசின்ல நெய்யக்கூடாதுன்னு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வேற குடுத்திருக்காங்க. அதுவும் போதாதுன்னு 2015லேர்ந்து ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாளு. ஒரு வருசம் மேடைக்குக் கூப்ட்டு எனக்கும் சால்வை போத்தினாங்க. கையில தடவிப் பாத்தேன். பவர்லூமு.

எண்ண வந்த பொண்ணு கூட நல்லா பேசிச்சு. எத்தினி தறி, எத்தினி பேரு, வருமானம் எவ்ளோன்னு எழுதிக்கிச்சு. "புலிக்கு மாட்டற அந்த ரேடியோ பட்டைய எங்க கழுத்துல மாட்டலையாம்மா?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிடுச்சு. மாட்டியிருந்தா வசதி. காஞ்சிபுரத்துக்குப் போனவன் எவ்ளோ பேரு, தறிய வித்துட்டு மெட்ராஸ்ல வாட்ச்மேனா போனவன் எவ்ளோ பேரு, பெங்களூருல துணிக்கடையில புடவை விரிச்சுப் போடறவன் எவ்ளோ பேருன்னு கம்ப்யூட்டர்லயே தெரிஞ்சிருக்கும். நீங்க மரத்துல கேமரா கட்டி வக்கறீங்களே, அதுல ஒண்ண நம்ம தெருமுனையில கட்டிப் பாரு. முன்ன ராத்திரி பத்து மணிக்குத் தெரு பூரா தறிச் சத்தம் கேக்கும். இப்ப கேமராவுல நானும் உங்க ஆயாவும்தான் மாட்டுவோம், ஜோடியா.

தெருவுல ஆளு கொறைஞ்சுபோனத வச்சுத்தான் ஒரு யோசனை. ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடிக் கடைசியில எனக்குப் புதுப் பாவு ஏறப்போவுது. பாவுன்னா தெரியும் உனக்கு, மறந்திருந்தா சொல்றேன். விடியக்காலம், காத்து எழும்பறதுக்கு முன்னால, வெயிலு ஏறறதுக்கு முன்னால, தெரு நீளத்துக்கு விரிக்கணும். ரெண்டு முனையிலயும் கயிறு போட்டு இஸ்துக் கட்டணும். அரிசிக் கஞ்சி தெளிக்கணும். அறுந்த இழையத் தேடிப் பிணைக்கணும். மழைத் தூறல் போட்டா எல்லாருமா தூக்கிக்கினு ஓடணும். முன்ன இதுக்கு ஆள் கூப்புடவே வேணாம், சத்தம் கேட்டு நாலு வீட்டுக்காரனும் வந்துடுவான், அவன் பாவுக்கு நான் போவேன். இப்ப நாலு வீட்டுல மூணு பூட்டு. பிணைக்கறதுக்கு நானும் உங்கம்மாவும் போதும். கயிறு இஸ்துப் புடிக்கத்தான் ஆளு இல்ல. அதுக்கு இழையத் தொட வேண்டியதில்ல. காப்புக் காய்ச்ச கையா இருந்தா ரொம்ப நல்லது, கயிறு நழுவாது.

உங்க குழுவுல எத்தினி பேரு? எல்லாருக்கும் ஆடியிலதான லீவு? கூட்டிக்கினு வா. தொண்டுன்னு சொல்லு, உங்க ஆளுங்க அந்த வார்த்தைக்கு மயங்குவாங்க. மெட்ராஸ்ல 1988லேர்ந்து காலேஜ் பசங்க ஆமை முட்டைய நாய் தின்னாமக் காப்பாத்த ராவெல்லாம் கடற்கரையில நடக்கறாங்களாம், ஒரு பைசா வாங்காம. ஆமைக்கு நடக்கறவன் ஒரு கெழவனுக்குக் கயிறு புடிக்கமாட்டானா? எனக்குப் போன்ல ஆறுதல் சொன்னானே, அந்தப் பையன மொதல்ல கூப்புடு. சோத்துக்குப் பஞ்சம் இல்ல, ஆரணி அரிசி. கூழு வேணும்னாலும் உண்டு. சர்ட்டிபிகேட் கேட்டாங்கன்னா நெசவாளர் சங்கத்துல சொல்லி சீலு போட்டு வாங்கித் தரேன், பட்டுப்பாதுகாப்புப் படைன்னு பெரிசா போடச் சொல்றேன்.

கூலியா? நல்லா கேட்ட. நாளைக்கே ஒத்திகை பாத்துடுவோம், எதுர்வீட்டுக்காரர் பாவு இருக்குது, அவருக்கும் ஆளு இல்ல, நான் வாக்கு குடுத்துட்டேன். மணி ஒம்போது ஆவுது, போய்ப் படு. நாலு மணிக்கு எழுப்பறேன். அந்த ஷூவப் போட்டுக்கினு வா, தெருவுல கஞ்சி வழுக்கும்.